பல கணனிகள், ஒரே களஞ்சியம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் நடைபெற்ற ஒரு தமிழ்ப் பாடசாலை விழா. பரிசளிப்பு நிகழ்ந்துகொண்டிருந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப் பாவாடையுடன் மேடைப் படியருகே வந்து நின்றாள். பேச்சுப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு. பெயர்கள் வாசிக்கப்பட்டன, அவளுடைய பெயர் மட்டும் வாசிக்கப்படவில்லை. பட்டியலைத் தட்டெழுதியவன் நானே. அதே பட்டியலின் இன்னொரு படியில் வேறோர் ஆசிரியை திருத்தங்கள் செய்திருந்தார். அவரது படியில் இருந்த அச்சிறுமியின் பெயர் எனது படியில் இல்லை. எனது படியில் இருந்த இரு பெயர்கள் அவரது படியில் இல்லை. அச்சுக்குச் சென்றது எனது படி. மறுவாரம் வகுப்பறையில் வைத்துப் பரிசைக் கொடுத்தோம். மேடையேறிப் பெறுவதும் வகுப்பறையிற் பெறுவதும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கோப்பைப் பலர் பல கணனிகளிலிருந்து பிழையின்றிப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பது கணனித் துறையின் பழைய வினாக்களுள் ஒன்று. அதற்கு விடை தேடி உலகெங்கும் அறியப்பட்டோருள் தமிழர் ஒருவரும் உள்ளார். அவரிடம் வருமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1980களின் நடுப்பகுதியிற் கலிபோர்ணியாவின் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 'நெற்வேர்க் பைல் சிஸ்ரம்', அதாவது வலையமைப்புக் கோப்பு முறைமை, என்னும் ஏற்பாட்டை வெளியிட்டது. சுருக்கமாக என்.எப்.எஸ். என்பர். சேமிப்பை உடைய கணனியை வழங்கி என்று அழைப்போம். தன்னிடமுள்ள எந்தக் கோப்புறையை எந்தெந்தக் கணனிகளுக்குத் திறந்துவிடலாம் என்று வழங்கி முதலில் அறிவிக்கின்றது. மற்றைய கணனிகள் அக்கோப்புறையைத் தம்முடைய வெறுங்கோப்புறை ஒன்றின்மேல் ஏற்றிக்கொள்கின்றன. அதன்பின் பயனாளருக்கு அது தமது சொந்தத் தட்டிலே இருப்பதுபோலவே தோன்றும். உண்மையில் ஒவ்வொரு வாசிப்பும் ஒவ்வோர் எழுத்தும் கம்பிவழியே செய்தியாகச் சென்று விடையுடன் மீள்கின்றது. ஆரம்பப் பதிப்புகளில் வழங்கி யாரையும் நினைவில் வைத்திருப்பதில்லை. வந்த கேள்விக்கு விடை சொல்லும், அவ்வளவே. இது குறைபோலத் தோன்றினும் ஒரு நன்மை இருந்தது. வழங்கி இடையில் நின்று மீண்டும் இயங்கினால், கேட்டவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்; வேலை தொடரும். 1995இல் மூன்றாம் பதிப்பும் 2000இல் நான்காம் பதிப்பும் வரையறுக்கப்பட்டன. இன்றும் இம்முறை வழக்கில் உள்ளது.

ஆயினும் வழங்கி ஒன்றே ஒன்றுதானே! அது நின்றால் அதனை நம்பியிருக்கும் அனைத்தும் நிற்கும். 2003 ஓகஸ்ட் 14ஆம் நாள் ஒன்ராரியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருளில் மூழ்கியதை இங்குள்ள பெற்றோர் மறந்திரார். ஏறத்தாழ ஐந்து கோடி மக்களுக்கு மின்சாரம் அற்றுப்போன மாலை அது.

இனி நம்மவரிடம் வருவோம். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த் பாபு பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கணனிப் பொறியியல் பயின்றவர். அமெரிக்காவில் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்துக்கென 4,096 செயலிகளைக் கொண்டு அமைந்த 'தண்டர்' என்னும் மீக்கணனியை உருவாக்கியோருள் ஒருவர். 2004 ஜூனில் வெளியான உலக மீக்கணனிப் பட்டியலில் அது இரண்டாம் இடம் பெற்றது. அத்தகைய பெருங்கூட்டத்துக்கு ஒற்றை வழங்கி எம்மூலைக்குக் காணும்? இவ்வனுபவத்தின் பின் அவர் தோழருடன் தொடங்கியதே குளஸ்ரர். குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பெயரும், கணனிக் கூட்டத்தைக் குறிக்கும் கிளஸ்ரர் என்னும் சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது.

குளஸ்ரரில் ஒவ்வொரு வழங்கியும் தன் தட்டின் ஒரு பகுதியைப் பொதுவுக்குக் கொடுக்கின்றது. அப்பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் செங்கல். செங்கற்களை அடுக்கினால் ஒரு பெருந்தொகுதி. பயனாளர் காண்பது தொகுதியை மட்டுமே. அப்படியாயின் எந்தக் கோப்பு எந்தச் செங்கல்லில் இருக்கின்றது என்பதை யார் அறிவார்? வேறு பல முறைமைகளில் இதற்கென ஒரு தனிக் கணனி பதிவேடு வைத்திருக்கும். அக்கணனி நின்றால் களஞ்சியம் முழுவதும் கண்ணற்றதாகும். குளஸ்ரர் பதிவேட்டையே ஒழித்துவிட்டது. கோப்பின் பெயரை ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டால் 429 கோடிக்கு உட்பட்ட ஓர் எண் கிடைக்கும். நான்கு செங்கற்கள் இருப்பின் அவ்வெண்வெளி நான்கு கூறாகப் பிரிக்கப்பட்டு ஆளுக்கொரு கூறு உரியதாகும். பெயரைத் தெரிந்தவன் கணக்கைச் செய்தால் இடத்தைத் தெரிந்துகொள்கின்றான். எவரையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே வகுப்பறையைச் சொல்லிவிடும் ஏற்பாட்டைப் போன்றது இது. புதிய செங்கல் சேர்ந்தால் மட்டும் கூறுகளை மீளப் பிரித்துக் கோப்புகளை இடம் மாற்ற வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை.

பாதுகாப்புக்காக ஒரே கோப்பை இரண்டு செங்கற்களில் ஒருங்கே எழுதலாம். ஒன்று நின்றால் மற்றையது தொடரும். நின்றது மீண்டதும் விடுபட்டவற்றைத் துணையிடமிருந்து பெற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் இரண்டும் உயிருடன் இருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தால்? இரண்டும் மற்றையது இறந்ததென்றே எண்ணும். ஒருபுறம் ஒருவர் எழுதுவார். மறுபுறம் வேறொருவர் எழுதுவார். கம்பி மீண்டும் பொருந்தும்போது இரண்டு உண்மைகள் எதிரெதிரே நிற்கும். எதனை வைத்திருப்பது, எதனை அழிப்பது என்று இயந்திரத்தால் தீர்மானிக்க இயலாது. இந்நிலையைப் 'பிளவுண்ட மூளை' என்று கணனியாளர் அழைப்பர். எங்கள் பரிசுப் பட்டியலுக்கு நேர்ந்ததும் இதுவே அன்றி வேறன்று.

இதற்கு மருந்து மூன்றாமவர். மூன்று பேரில் இருவர் ஒருவரையொருவர் காண முடிந்தால் அவர்கள் எழுதலாம். தனித்து நிற்கும் ஒருவர் எழுதக் கூடாது. மூன்றாவது செங்கல்லில் கோப்பு முழுவதையும் வைக்க வேண்டுமென்பதுமில்லை. நடுவர் என்னும் செங்கல் கோப்புகளின் பெயரையும் அவை பற்றிய குறிப்புகளையும் மட்டுமே வைத்திருக்கும்; உள்ளடக்கம் அதனிடம் இல்லை. யார் கடைசியாக எழுதினார் என்று சாட்சி சொல்ல அவ்வளவு போதும். ஆசிரியைக்கும் எனக்கும் இடையில் அப்படி ஒரு சாட்சி இருந்திருந்தால், நான் திறந்த பட்டியல் திருத்தத்துக்கு இடங்கொடாது மறுத்திருக்கும். எனக்குக் கோபம் வந்திருக்கும். பிள்ளை மேடை ஏறியிருப்பாள்.

படிகளை ஒருங்கே எழுதும் முறைக்கு ஒரு விலையுண்டு. எல்லாப் படிகளும் எழுதி முடியும்வரை பயனாளர் காத்திருக்க வேண்டும். ஒரே கட்டடத்தினுள் அது பொருட்படுத்தத்தக்கதன்று. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அவ்வாறு செய்தால் ஒவ்வொரு வரிக்கும் பெருமூச்சு விட வேண்டிவரும். ஆதலால் தொலைதூரப் படிகளைச் சற்றுப் பின்னாலேயே, ஆறுதலாக அனுப்புவர்.

2011இல் ரெட் ஹற் நிறுவனம் குளஸ்ரரை ஏறக்குறைய 13 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அந்நிறுவனம் விற்றுவந்த பதிப்புக்கான ஆதரவு 2024 இறுதியுடன் முடிவுற்றது. மூலநிரலோ இன்றும் எவரும் எடுத்துப் படிக்கக்கூடியதாக உள்ளது. மேல்வகுப்பு மாணவர்கள் பழைய கணனிகள் மூன்றைத் தேடிப்பிடித்துப் பரீட்சித்துப் பார்க்கலாம். செருகியை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்ப்பதிலுள்ள மகிழ்ச்சி தனியானது.

பெற்றோர்கள் சிலர் 'படிகள் பல இருந்தாற் போதும், இனிப் பயமில்லை' என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. ஒருங்கே எழுதும் களஞ்சியத்தில் ஒரு கோப்பை அழித்தால் அது எல்லாப் படிகளிலும் அதே நொடியில் அழியும். தீயவன் ஒருவன் உட்புகுந்து பூட்டினால் எல்லாப் படிகளும் பூட்டப்படும். 2023 ஒக்ரோபர் 28ஆம் நாள் ரொறன்ரோ பொது நூலகத்தின் கணனிகள் பணயத் தாக்குதலுக்கு உள்ளானதை நம் பிள்ளைகள் நேரிற் கண்டனர். நூறு கிளைகளின் கதவுகளும் திறந்திருந்தன. நூற்பட்டியல் இல்லை, பொதுக் கணனிகள் இல்லை. திரும்பி வந்த நூல்களைப் பதிய வழியின்றிப் பாரவண்டிகளில் அடுக்கி வைத்தனர். சேவைகள் முற்றாக மீள மாதக்கணக்காயிற்று. நூல்கள் இருந்தன என்பது ஆறுதல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் பலவற்றுக்கு வேறு படி எங்கும் இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்துவருவதன் பின்னணி அதுவே.

எங்கள் பட்டியலுக்கு நாங்கள் குளஸ்ரர் அமைக்கவில்லை. அது மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகும். ஒரு சிறு வழங்கி, அதில் ஒரே ஒரு பட்டியல், என்.எப்.எஸ். வழியே எல்லோரும் அதனையே திறக்கின்றனர். ஒருவர் திருத்தும்போது மற்றையவருக்கு அது பூட்டியிருக்கும். வெள்ளி மாலைகளில் ஒரு கழற்றக்கூடிய தட்டில் படியெடுத்து, செருகியைப் பிடுங்கி, வேறொருவர் வீட்டில் வைக்கின்றோம். இப்பருவம் அத்தட்டை வைத்திருப்பவர் அன்று மற்றைய படியைத் திருத்திய அதே ஆசிரியைதான்.