ஆவுளியாவுக்கு மெஸ் மூடினா என்ன ஆகும்?

ஹாஸ்டல் மெஸ் ரெண்டு நாள் லீவுன்னா என்ன பண்ணுவீங்க? ரோட்டுக்கடைக்குப் போய் புரோட்டாவை வெட்டுவீங்க. ஆனா, உலகத்திலேயே ஒரே ஒரு மெஸ்தான், அதையும் யாரோ டிராக்டர் விட்டு உழுதுட்டாங்கன்னா? பாக் விரிகுடாவில் ஒரு ஜீவன் அப்படித்தான் தவிச்சுட்டு இருக்கு.

பேரு, கடல் பசு. அந்தப் பக்கத்து மீனவர்களுக்கு 'ஆவுளியா'. மூணு மீட்டர் நீளம், 400 கிலோ வரை வெயிட், யானைக்கு தூரத்துச் சொந்தம்! மீன் இல்லீங்க, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடல்புல் மேயும். அதைத் தவிர மெனுவில் பெரிசா வேற ஐட்டம் கிடையாது.

இங்கேதான் சிக்கல். விசைப்படகுகளின் இழுவலை, கடலோட தரையையே வாரிக்கிட்டுப் போகும்போது புல்லும் வேரோட போயிடுது. கலங்கின தண்ணியில வெயில் இறங்காது. வெயில் இல்லைன்னா மிச்சமிருக்கிற புல்லும் அவுட். இன்னொரு பக்கம், மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டிய இந்தப் பிராணி, வலையில் மாட்டினா சில நிமிஷத்தில் மூச்சு முட்டிச் செத்துப் போகும். ஒரு தாய் அடுத்த குட்டி போட 3 முதல் 7 வருஷம் ஆகும். 'அரியரை அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்'னு நாம விடற மாதிரி இதை விட முடியாது. இந்தியக் கடலில் இப்போ மிச்சம் இருப்பது சுமார் 240தான்.

அமெரிக்கா - கனடா பக்கமும் இதே கதைதான். அங்கே ஹீரோ, ஓர்கா திமிங்கிலம். பசிபிக் கரையோரம் வாழும் ஒரு கூட்டம், சினூக் சால்மன் மீனை நம்பியே இருக்கு. ஆறுகளில் அணை கட்டினதும் சால்மன் குறைஞ்சுது; ஓர்காவும் குறைஞ்சுது. இன்னிக்கு அந்தக் கூட்டத்தில் சுமார் 75தான். 2018-ல் ஒரு தாய் ஓர்கா, இறந்துபோன தன் குட்டியை 17 நாள் சுமந்துக்கிட்டே நீந்தினதைப் பார்த்து உலகமே அழுதுச்சு. 2024-ல் கிளாமத் ஆற்றில் நாலு அணைகளை இடிச்சு முடிச்சாங்க. சால்மன் மறுபடி மேலே ஏற ஆரம்பிச்சுது. விலங்கைக் காப்பாத்தணும்னா முதல்ல அதோட தட்டைக் காப்பாத்தணும். சிம்பிள் லாஜிக்!

நம்ம ஊரும் சும்மா இல்லை. 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடல் பசு பாதுகாப்பகமா தமிழக அரசு அறிவிச்சுது. இந்தியாவிலேயே இதுதான் முதல்! புல் அழிஞ்ச இடங்களில், மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி, அதில் புல்லைச் செருகி கடலடியில் நடறாங்க. வேர் பிடிச்சதும் சட்டமும் கயிறும் தானா மக்கிடும். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு இதைவிட சூப்பரான டிசைன் பாடம் உண்டா, சொல்லுங்க?

ஆனா, நிஜ ஹீரோ மீனவர்கள்தான். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து விட்டவங்க நிறைய பேர். ஒரு வலை போனா எவ்வளவு நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. வனத்துறை பாராட்டி ஊக்கத்தொகை கொடுக்குது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளருவது அதே புல்லுக்குள்ளேதான். அதனால புல் பிழைச்சா அவங்க பிழைப்பும் பிழைக்கும்.

'நான் முகப்பேர்ல இருக்கேன், பாக் விரிகுடாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?'னு கேக்கறீங்களா? பக்கத்து நொளம்பூர் ஓரமா ஓடுற கூவம் எங்கே போகுது? கடலுக்குத்தானே பாஸ்! 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினது நம்ம கண்ணெதிரேதானே நடந்துச்சு? அந்த ஆமைகளோட முட்டைகளைக் காப்பாத்த, 1988-லிருந்து ராத்திரி ராத்திரியா கடற்கரையில் நடக்கிறது ஒரு மாணவர் குழு. ஜனவரி வந்தா ஒரு சனிக்கிழமை ராத்திரி நீங்களும் கூட நடங்க. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்களா? வலையில் ஆவுளியா மாட்டாம எச்சரிக்கிற ஒரு மலிவான கருவியை யோசிங்க.

240-ங்கறது நம்ம காலேஜ்ல நாலு கிளாஸ் ஸ்ட்ரென்த்தான் பாஸ். ஒவ்வொரு அட்டென்டன்ஸும் முக்கியம்!