ஊர்ப்பெயர் பெற்ற பெருமரம்

ஊரார் அறிந்த மரத்தை அறிவியல் அறியாதிருத்தல் கூடுமா? கூடும் என்பதற்குப் பிரேசில் நாட்டு மரம் ஒன்று சான்று. (நம் தோட்டத்து ரப்பரின் தாயகமும் அந்நாடே.)

இது புல்லிடை மறைந்த சிறு பூண்டு அன்று. 40 மீட்டர் வரை ஓங்கி வளர்வது. எடை 62 டன் வரை இருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர். எனினும், 2017ஆம் ஆண்டில்தான் கியூ தாவரவியல் பூங்கா அறிஞர் லூயிஸ் முதலானோர் இதனை ஆராய்ந்து விவரித்து, ‘டினிசியா ஜுயிரானா-ஃபக்காவ்’ எனப் பெயர் சூட்டினர். முன்னது பேரினத்தின் பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அப்பேரினத்தில் அதுவரை அமேசான் காட்டு மரம் ஒன்றே இருந்தது. பின்னது அவ்வூர் மக்கள் வழங்கிய பெயர். ‘ஃபக்காவ்’ என்பது போர்ச்சுகீசிய மொழியில் பெருங்கத்தி. நம் பாராங் போன்றது. ஏறத்தாழ அரை மீட்டர் நீண்டு, முற்றிக் கட்டையாகும் அதன் காயைக் கண்டவர் வேறு பெயர் தேடார். அறிஞர்களும் தேடவில்லை, அது போற்றத்தக்கது.

எஸ்பிரிட்டோ சாந்தோ மாநிலத்தின் வடபகுதியில், அட்லாண்டிக் மழைக்காட்டில், அப்போது அறியப்பட்டவை ஏறத்தாழ 25 மரங்களே. அவற்றுள் பாதியளவே காப்புக்காட்டினுள் நிற்பவை. ஏனையவை வெளியே உள்ளன. அறிவியற்பெயர் இல்லாத மரத்தை அருகிவரும் உயிர்களின் பட்டியலில் சேர்ப்பது அரிது. ஆதலின், பெயர் சூட்டிய அக்கட்டுரையிலேயே, அழிவின் விளிம்பில் நிற்கும் மரம் இது என்பதையும் குறித்துவிட்டனர்.