மல்லாட்டை விளையும் ஊரில் பாமாயில் சட்டி

நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் சீமை இது. அறுவடைக் காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் விற்பனைக்கூடங்களில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட ‘டி.எம்.வி. 2’ ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. ஆனால் இதே ஊரில் சுகர் என்று தெரிந்தவர் முதலில் ஒதுக்குவது மல்லாட்டையைத்தான். “கொழுப்பாச்சே, நெஞ்ச அடைக்கும்” என்பார். அவர் வீட்டு அடுப்பில் காய்வது ரேஷன் பாமாயில்.

அந்தக் காலத்தில் கொல்லை வேலைக்குப் போனவர்கள் காலையில் குடித்தது கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோதான். கடித்துக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய். கிடைத்தால் மரக்காணம் பக்கத்துக் கருவாடு. நெல்லுச்சோறு நல்ல நாளுக்கும் விருந்தாளிக்கும். மல்லாட்டை சொந்தக் கொல்லையில் விளைந்தாலும் செக்கில் ஆட்டிய எண்ணெயைக் கரண்டியில் அளந்துதான் ஊற்றினார்கள், விற்றால் காசாயிற்றே. இதையெல்லாம் யூடியூபில் ‘பாட்டி காலத்து ஆரோக்கியம்’ என்று கொண்டாடுகிறார்கள். பாதி வறுமை அது. அந்தக் கூழைக் கரைத்தது நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்த உடம்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு என்ன நோய் என்று அன்று யார் அளந்து பார்த்தார்கள்?

மோட்டார் வந்தது, மானாவாரிக் கொல்லைகளில் நெல்லும் கரும்பும் ஏறின. 2007இல் ரேஷனில் மலிவு விலைப் பாமாயில், 2008இல் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011இல் அதுவும் இலவசம். பசியை ஆற்றிய அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காலை இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் தீட்டிய அரிசியே தட்டுக்கு வந்த அதே காலத்தில்தான் உழைப்பு டிராக்டருக்கும் பைக்குக்கும் கைமாறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு முடிவு 2011இல் வெளியானபோது, தமிழக நகரங்களில் பெரியவர்களில் 13.7 சதவீதம் பேருக்கும் கிராமங்களில் 7.8 சதவீதம் பேருக்கும் சர்க்கரை இருந்தது. பணக்காரர் வியாதி என்ற பேச்சு அதோடு போயிருக்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டில் ‘கொலஸ்ட்ரால்’ என்று பார்த்ததும் வீட்டில் முட்டையும் மல்லாட்டையும் நின்றுவிடுகின்றன. செடியில் விளையும் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. நம்மவர்களின் ரிப்போர்ட்டில் பல சமயம் ஏறி நிற்பது டிரைகிளிசரைடு. இறங்கி இருப்பது நல்ல கொழுப்பான எச்.டி.எல். இந்த இரண்டையும் கெடுப்பதில் சோற்று மலைக்கும் சர்க்கரை போட்ட டீக்கும் பெரிய பங்கு உண்டு. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் அது ஏறக்குறையப் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். அதற்காக ‘செக்கு எண்ணெய், எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் செய்யாது’ என்று கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி.

கேழ்வரகுக்கும் இதே கதைதான். நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சி இரண்டு சொம்பு குடித்துவிட்டு, “அரிசியே தொடலீங்க, சுகர் ஏன் ஏறுது?” என்று கேட்பவர்கள் நிறைய. மாவு நைசாக நைசாக, சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறும். அளவான களியும் கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கடைசலும் என்றால் பேச்சே வேறு.

மருந்துப் பக்கம் நிலைமை எவ்வளவோ தேவலை. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் முதலுதவி மாத்திரைகள் கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் தொடங்கியது.

மாத்திரை வாசல் வரை வந்துவிடும். அடுப்படிக்குள் போவதுதான் கஷ்டம். “என் ஒருத்திக்காக மருமவ தனி உலை வெப்பாளா?” என்று வயதான அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. தனி உலை வேண்டாம். சோற்றைப் பாதியாக்கிப் பொரியலை இரண்டு மடங்காக்கினால் அது வீட்டுக்கே ஆகும். நாலு மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் உப்பு குறைத்து வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, பேரனும் தின்பான். எண்ணெய்க்கு மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்: ஆளுக்கு அரை லிட்டர். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ரேஷன் பாக்கெட், கடை பாட்டில் எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டர்தான்.