மோதிரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு!

நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பசங்களிடம் ஷூ சைஸ் கேட்டுப் பாருங்கள்; யோசிக்காமல் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருத்தராவது ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ வேலை பார்க்கிற ஊர் ஆயிற்றே! ஆனால் விரலில் கிடக்கிற மோதிரத்தின் சைஸ் என்ன என்றால், "அதுக்குக்கூட சைஸ் இருக்காப்பா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

இருக்கிறது. அதற்கான கணக்கும் நாம் ஒர்க்‌ஷாப்பில் படித்ததுதான். நான் தங்கம், வெள்ளி வேலை செய்யும் ஆசாரியின் மகன். படிப்பது மெக்கானிக்கல் டிப்ளமோ. இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அளவு எடுப்பது

ஷூவுக்கு லாஸ்ட் எப்படியோ, மோதிரத்துக்கு அளவுக்கோல் அப்படி. ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து, கோடு போட்ட இரும்புக் கோல். ஷூவில் ஒரு பாரீஸ் பாயிண்ட் என்பது 6.67 மி.மீ. மோதிரத்தில் ஒரு சைஸ் என்பது சுற்றளவில் 1 மி.மீ.தான்! விட்டத்தில் பார்த்தால் 0.32 மி.மீ. வெர்னியர் பிடித்த கைக்கு அதன் அருமை தெரியும்.

நம் நாட்டுக் கடைகளில் வழங்கும் சைஸ் எண்ணோடு 40-ஐக் கூட்டினால் உள் சுற்றளவு ஏறக்குறைய மி.மீ.யில் வந்துவிடும். 12-ம் நம்பர் என்றால் 52 மி.மீ. வீட்டிலேயே பார்க்கலாம். பேப்பரை மெல்லிய பட்டையாக வெட்டி, விரலைச் சுற்றிக் குறித்து, ஸ்கேலில் அளந்து, 40-ஐக் கழியுங்கள். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு விரலின் அடியைவிட மூட்டு பெருசு. சுற்றின பேப்பர் மூட்டைத் தாண்டி வருகிறதா என்று பார்க்கணும். நம்ம வேலூர் வெயிலில் விரல் உப்பும். காலைக் குளிரில் மட்டும் அளந்தால் மதியம் இறுக்கும். அகலமான பட்டை மோதிரம் என்றால் அரை சைஸாவது கூட்டி வைப்பது நல்லது.

வெட்டும் நீளம்

52 மி.மீ. சுற்றளவுக்கு 52 மி.மீ. தகடு வெட்டினால் போதுமா? போதாது! தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுக்கோடு மட்டும் மாறாது. ஷீட் மெட்டலில் படித்தோமே, அதேதான். ஆகவே உள் சுற்றளவோடு, தகட்டின் கனத்தை 3.14-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கனம் 1.5 மி.மீ. என்றால் 4.7 மி.மீ. கூடுதல், மொத்தம் 56.7 மி.மீ. இதை விட்டால் மோதிரம் ஏறக்குறைய ஐந்து சைஸ் சின்னதாகிவிடும். எங்க அப்பா இந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. "கனத்துக்கு மூணு பங்கு, மேல கொஞ்சம் விடு" என்பார். விடை ஒன்றுதான்.

நெருப்பு வேலை

அடிக்க அடிக்கத் தங்கமும் வெள்ளியும் இறுகும். மேலும் அடித்தால் வெடிக்கும். அதனால் மங்கின சிவப்பு வரும்வரை சுட்டுத் தண்ணீரில் போடுவார்கள். எஃகைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் கடினமாகும் என்று படித்த நமக்கு இது ஆச்சரியம். இங்கே மெத்தென்று ஆகும்!

பிறகு இரண்டு முனையும் வெளிச்சம் தெரியாமல் சேர அரம் போட்டு, வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். கே.டி.எம். என்கிறோமே, அது தங்கத்தின் தரத்தைக் குறிப்பதல்ல; காட்மியம் சேர்த்த பொடி. காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உங்கள் நகையில் மிஞ்சுவதைவிட ஆசாரியின் மூச்சில் போவதுதான் அதிகம். எங்கள் பட்டறையில் அதைத் தொடுவதில்லை.

பெரிசாக்க, சின்னதாக்க

கல் இல்லாத வெறும் வளையத்தை ஒரு சைஸ் மட்டும் பெரிசாக்க, கோலில் ஏற்றித் தட்டினால் போதும். அதற்கு மேல் என்றால் அறுத்துத் துண்டு வைக்கணும். ஹால்மார்க் முத்திரை உள்ள இடத்தை விட்டு அறுக்கணும். முத்து, பவழம் இருந்தால் கழற்றாமல் நெருப்பில் காட்டக் கூடாது.

இப்போது முக்கியமான கணக்கு. 3 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனமுள்ள 22 காரட் மோதிரத்தை 12-லிருந்து 14 ஆக்குகிறோம். சேர்க்கும் துண்டு 2 மி.மீ. நீளம், கன அளவு 9 கன மி.மீ. 22 காரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.7. ஆகவே கூடும் எடை சுமார் 160 மில்லிகிராம். அரம் போட்டு மெருகிடும்போது சற்றுக் குறையலாம். அவ்வளவுதான்!

ஏன் இத்தனை கணக்கு?

பெற்ற தாயின் பொன்னிலும் ஆசாரி கொஞ்சம் எடுப்பான் என்று பழமொழியே இருக்கிறது. அந்தச் சந்தேகப் பார்வையோடுதான் பாதிப்பேர் எங்கள் பட்டறைப் படி ஏறுகிறார்கள். வெள்ளி மோதிரம் கறுத்தால்கூட "ஆசாரி கலந்துட்டான்" என்பார்கள். தோல் ஷாப்பில் முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியில் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அங்கே கை வைப்பவரின் வெள்ளி கறுக்காமல் என்ன செய்யும்? அது கெமிஸ்ட்ரி, திருட்டு இல்லை.

1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றபோது எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பு இழந்தன. பின்னால் வந்த 1968 சட்டம் 1990-ல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது மெஷின் நகையும் ஷோரூமும் போட்டி. எங்கள் பட்டறையில் அப்பா ஒருவர்தான். மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் ஷூ கம்பெனியில் கிடைக்கும்போது யார் ஊதுகுழலைப் பிடிப்பார்கள்? நான் பிடிப்பேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. ஷோரூமில் இருக்கிற சைஸுக்கு நாம் விரலைத் தேட வேண்டும். தனி ஆசாரி, இருக்கிற விரலுக்கு மோதிரம் செய்வார். அந்த வேலை நிலைக்க வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். நம்பிக்கைக்குக் கணக்கு வேண்டும். அதனால் இப்போது எங்கள் பட்டறையில் வேலைக்கு முன்னும் பின்னும் எடை போட்டு, சேர்த்த தங்கம், சேதாரம், செய்கூலி என்று தனித்தனியாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். சீட்டு கேட்பதில் உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். நல்ல ஆசாரிக்கு அதில் கோபமும் வராது. கேளுங்கள் நண்பர்களே, கணக்கு தெரிந்த வாடிக்கையாளர்தான் கைத்தொழிலுக்குக் காவல்!