வளரும் குடும்பத்திற்கு ஆயத்த வீடு: முன்பணம் தருமுன் அறிய வேண்டியவை

இரண்டாவது குழந்தை பிறக்கிறது. ஊரிலிருந்து பெற்றோரும் உடன் வந்து தங்குகின்றனர். இருக்கும் வீடு போதாமல் போகிறது. சொந்த மனை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள், பாகங்களை ஆலையில் செய்து மனையில் பொருத்தும் ஆயத்த வீட்டைத் தேர்ந்தெடுக்கலாமா என எங்களிடம் வினவுவதுண்டு. தேர்ந்தெடுக்கலாம். ஆயினும், சாதாரண வீட்டில் பின்னர் திருத்திக்கொள்ளக்கூடிய பலவற்றை இதில் முதல் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. வீட்டுப் பாகங்களைத் தயாரிக்கும் அரசு ஆலை 1948-லேயே தில்லியில் தொடங்கப்பட்டது. 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய அரசின் முன்னோடித் திட்டத்தில், அகர்தலாவில் இலகு எஃகுச் சட்டகமும், ராஞ்சியில் அறை வடிவிலேயே வார்க்கப்படும் கான்கிரீட் பெட்டகங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

எந்த வகை பொருந்தும்?

எஃகுச் சட்டக வீடு எடை குறைந்தது, விரைவில் எழும்பும். ஆனால் பலகைச் சுவரில் கனமான அலமாரியை மாட்ட வேண்டுமெனில், அவ்விடத்தின் உட்புறம் முன்கூட்டியே வலுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்கள் கனமானவை. அவற்றைக் கொண்டுவரும் லாரியும் தூக்கி நிறுத்தும் கிரேனும் உங்கள் தெருவினுள் நுழைய இயலுமா என்பதை முதலில் பாருங்கள்.

நாளைய அறையை இன்றே கேளுங்கள்

ஐந்தாண்டுகளுக்குப் பின் ஓர் அறையோ மாடியோ தேவைப்படலாம். சுமை தாங்கும் முன்வார்ப்புச் சுவரை உடைத்து வாயில் அமைக்க இயலாது. ஒரு தளத்திற்கென அமைத்த அடித்தளம் மாடியைத் தாங்காது. எனவே அடித்தளத்தின் வலிமை, படிக்கட்டின் இடம், பின்னர் திறக்கக்கூடிய சுவர் ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெறட்டும். உங்கள் பகுதியின் காற்று, நிலநடுக்க அளவுகளுக்கு ஏற்ற வடிவமைப்பு என்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றையும் பெறுங்கள்.

கடனும் தவணையும்

வீட்டுக் கடனுக்கு ஈடாக அமைவது மனையும் அதில் நிலையாகப் பொருத்தப்பட்ட கட்டடமும் ஆகும். ஆகவே தெளிவான கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, உள்ளாட்சி அமைப்பின் கட்டட அனுமதி ஆகியவை இன்றியமையாதவை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ₹30 லட்சம் வரையிலான கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டையும், ₹30 லட்சத்திற்கு மேல் ₹75 லட்சம் வரையிலான கடன் 80 விழுக்காட்டையும் தாண்டலாகாது.

சிக்கல் எழுவது இங்கேதான். கட்டுமானம் எந்த நிலையை எட்டியுள்ளது என்பதைப் பார்த்தே நாங்கள் கடன் தொகையை விடுவிக்கிறோம். ஆலையோ, மனையில் ஒரு கல்லும் வைக்கப்படாத நிலையிலேயே பெரும் பங்கை முன்பணமாகக் கேட்கக்கூடும். தயாரிப்பு தடைபட்டால், கையில் வீடும் இராது, பணமும் இராது. ஆதலால் முன்பணத்தைக் குறைத்து, அடித்தளம், பாகங்கள் மனைக்கு வந்து சேர்தல், பொருத்துதல், நிறைவு என நான்கு தவணைகளாகப் பிரிக்குமாறு கோருங்கள். தாமதத்திற்கான இழப்பீட்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள்.

விலைப்புள்ளியில் விடுபடுபவை

அடித்தளம், போக்குவரத்து, கிரேன் வாடகை, குடிநீர், மின் இணைப்பு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை குறிப்பிட்ட விலையில் அடங்குமா எனக் கேளுங்கள். அடங்காதவற்றைக் கூட்டிய பின்னரே செங்கல் வீட்டின் செலவுடன் ஒப்பிடுவது முறையாகும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், வரைபடம், விலைப்புள்ளி, தவணை அட்டவணை ஆகிய மூன்றுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். கையெழுத்திட்ட பின் மாற்ற இயலாதவற்றை, அதற்கு முன் ஒருமுறை சேர்ந்து சரிபார்ப்போம்.