உங்களுக்குத் தெரியுமா? படைப்புழுவைக் கண்டுபிடிக்கும் போன்!

பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளை 2018-இல் அமெரிக்கன் படைப்புழு சூறையாடியது. அதே ஆண்டில்தான் ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு ‘நூரு’ செயலி வந்தது. இலைக்கு நேரே போனைக் காட்டினால் போதும், புழு தின்ற தடத்தை அதுவே கண்டுபிடித்துவிடும். இணைய இணைப்புகூட வேண்டாம்!

தமிழக அரசின் ‘உழவன்’ செயலியும் 2018 ஏப்ரலில் அறிமுகமானதுதான். மானியம், பயிர்க் காப்பீடு, சந்தை விலை, வானிலை எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன.

இதுபோன்ற செயலிகளில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இன்னும் நிறைய இடமிருக்கிறது. பட்டறை போட்டு வைத்த சின்ன வெங்காயத்தை எப்போது விற்பது, ஆண்டிமடம் முந்திரிக்கு எங்கே நல்ல விலை? பேச்சுத் தமிழில் கேட்டால் பதில் சொல்லும் செயலியை உள்ளூர்ப் பொறியியல் மாணவர்களே உருவாக்கலாம். கட்டணத்தை மட்டும் விவசாயியிடம் கேட்காமல், கொள்முதல் செய்யும் வியாபாரியிடம் வாங்குவதே நியாயம்.