காய்ந்த கல்லுக்கு உயிர் வந்த கதை

(இரண்டாம் ஆண்டு, கெமிக்கல் இன்ஜினியரிங்)



"கல்லைக் கழுவுறதுக்காடா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று என் அம்மா ஒருநாள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அதனால் மாலை நேரத்தில் கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே பணம் கொடுத்துக் கற்ற பாடம் இது.

கடை மொட்டைமாடியில், பழைய உப்புநீர்த் தொட்டியிலிருந்து எடுத்துப் போட்ட கற்கள் பல வருடமாகக் காய்ந்து கிடந்தன. சுண்ணாம்பு கலந்து செய்த செயற்கைக் கற்கள். "ரெண்டு தடவை கழுவிப் போட்டா போதும்டா தம்பி" என்றார் கூட வேலை பார்க்கும் அண்ணன். போட்டேன். மீனும் விட்டேன். மூன்றாம் நாள் இரண்டு க்ளவுன் மீன்கள் செத்து மிதந்தன. சம்பளத்தில் பிடித்தார்கள். அது நான் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். அந்த மாதம் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

ஏன் செத்தன?

கல்லின் துளைகளுக்குள் செத்துக் காய்ந்த பாசியும் பஞ்சுயிரிகளும் இருக்கும். தண்ணீர் பட்டதும் அவை அழுகி அம்மோனியா வரும். உப்புநீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் விஷம் நன்னீரைவிட அதிகம். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா காய்ந்த கல்லில் கிடையாது. போதாததற்கு, கல் பழைய தொட்டியின் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வைத்திருக்கும். அது மெல்லக் கசிந்து பாசியை வளர்க்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. அதில் முன்பு சில வகை ஜோவாந்திட் உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தால், பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் ஆவியோடு மூச்சில் ஏறும்.

அடுத்து, 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் கலந்து ஒரு வாரம் ஊறவைத்தால் அழுக்கு எரிந்துவிடும். பிறகு பலமுறை அலசி, தயோசல்பேட் போட்டுக் குளோரினை நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

பாஸ்பேட் அதிகமிருந்தால் மட்டும் ஆசிட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லின் மேல்தோலைக் கரைக்கும். அதோடு பாஸ்பேட்டும் போகும். நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு, நாம் லேபில் பார்த்ததுதான். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். ஹைப்போகுளோரைட்டும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஆளையே கொன்றுவிடும். முடிந்ததும் ஆப்ப சோடா கரைசலில் போட்டு ஆசிட்டைச் சமன்படுத்துங்கள்.

இனிமேல்தான் பொறுமை. ஆர்.ஓ. தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கலந்து, ஒப்படர்த்தி 1.025 வைத்து, மூடிய டிரம்மில் கல்லைப் போட்டு மோட்டார் ஓடவிடுங்கள். சமையல் உப்பு ஆகாது. வெளிச்சம் வேண்டாம், பாசி வரும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் டெஸ்ட் செய்யுங்கள்.

கடைசியில் பாக்டீரியாவை விட்டு, அதற்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடை அம்மோனியா 2 பி.பி.எம். வரும்வரை போடுங்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் தீர்ந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் கல் தயார். சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை

கல்லுக்காகக் கடலுக்குப் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டியே பெரும் சேதம் நடந்தது. 2001-ல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரையில் செத்துக் கிடப்பதைப் பொறுக்கினாலும் குற்றம்தான். பழைய செயற்கைக் கல்லைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவதே நல்லது.

இரண்டாம் முறை நான் முழுசாக ஒன்பது வாரம் காத்திருந்தேன். தினமும் அளந்து நோட்டில் குறித்தேன். "என்னடா, கல்லுக்கு டைரி எழுதுறியா?" என்று அண்ணன் சிரித்தார். பிறகு விட்ட மீன்கள் இன்றும் நீந்துகின்றன. இப்போது கடையில் டெஸ்ட் பார்க்கும் வேலை முழுக்க என்னுடையது. சம்பளமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. தோட்டை மீட்டு அம்மாவிடம் கொடுத்தபோது சொன்னேன்: "கல்லைக் கழுவத்தாம்மா படிச்சேன். எப்படிக் கழுவணும்னு படிச்சேன்."

நண்பர்களே, வெறுமனே கழுவுவது கை வேலை. ஏன் என்று கேட்டு, அளந்து பார்த்துச் செய்தால் அதுவே நம் படிப்பு!